சூளைப் புகைக்கும் கணக்கு உண்டு

கேள்வி: என் அக்காவை அரியலூர் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மொட்டைமாடியில் வற்றல் காயவைக்க முடியாதபடி தூசி படிகிறது. கேட்டால், “சிமென்ட் ஆலைப் புகை அளவுக்குள்தான் இருக்கிறது” என்கிறார்களாம். அந்தக் கணக்கை நாம் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகி, சின்ன காஞ்சிபுரம்

பதில்: முடியும், கேட்டுப் பெறுவது உங்கள் அக்காவின் உரிமை. சிமென்ட் உள்ளிட்ட 17 வகை ஆலைகள் புகைபோக்கியில் தானியங்கி அளவுமானி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதன் பதிவுகள் இணையவழியாக வாரியத்துக்குப் போய்ச் சேரும். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த அறிவிக்கை, புதிய சிமென்ட் சூளைகளுக்கு ஒரு கன மீட்டர் புகையில் 30 மில்லிகிராம் தூசி என்று வரம்பு கட்டியது. தவிர, மார்ச்சில் முடியும் நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையை ஆலை செப்டம்பர் 30-க்குள் படிவம் 5-இல் மாநில வாரியத்திடம் தர வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாநில வாரியத்திடம் மனுப் போடுங்கள். ஆண்டுச் சராசரியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். தூசி வடிகட்டி நின்றுபோன சில மணி நேரம் அதில் கரைந்துவிடும். 15 நிமிடச் சராசரிகளையே தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று: புகைபோக்கி மானி புகைபோக்கியை மட்டுமே அளக்கும். சுண்ணாம்புக்கல் லாரிகள் சாலையில் கிளப்பும் புழுதி அந்தக் கணக்கில் வராது. மாடியில் படிவது அதுவாகவும் இருக்கலாம். ஆகவே லாரிகளுக்குத் தார்ப்பாய் மூடுவது, சாலைக்குத் தண்ணீர் தெளிப்பது பற்றி ஆலைக்கு விதித்த நிபந்தனைகளின் நகலையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.