எக்செல்லில் டிரிப்ஸ் கணக்கு

நர்சிங் படிக்கும் என் தங்கை ஒரு கணக்கோடு வந்தாள். 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? "இதை எக்செல்லில் போட்டுக் கொடுண்ணா, பழகிப் பார்க்கிறேன்" என்றாள். ஐந்து நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தேன்.

திரவ அளவை, ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்ற எண்ணால் பெருக்கி, மொத்த நிமிடங்களால் வகுக்க வேண்டும். அந்தச் சொட்டு எண் டிரிப் செட்டின் உறையிலேயே இருக்கும். சாதாரண செட்டுக்கு 10, 15 அல்லது 20; மைக்ரோ செட்டுக்கு 60. இங்கே 20 என்றால் விடை 41.67, அதாவது 42 சொட்டு.

எக்செல்லைத் திறந்து முதல் வரிசையில் அளவு, சொட்டு எண், மணி, விடை என்று தலைப்பு கொடுங்கள். அடுத்த வரிசையில் 500, 20, 4 என டைப் செய்யுங்கள். விடைக்கான செல்லில் சமக்குறி போட்டு, 500 உள்ள செல்லை மவுசால் கிளிக் செய்யுங்கள். பிறகு நட்சத்திரக் குறி, 20 உள்ள செல், சாய்கோடு. இப்போது அடைப்புக்குறியைத் திறந்து 4 உள்ள செல், நட்சத்திரக் குறி, 60. அடைப்பை மூடி என்டர் தட்டுங்கள். அடைப்புக்குறியை மறந்தால் 1,50,000 சொட்டு என்று வரும்! அது பரவாயில்லை, பார்த்ததுமே தவறு என்று தெரிந்துவிடும்.

தெரியாத தவறுதான் ஆபத்து. அடுத்த கணக்கு 300 மி.லி., ஒன்றரை மணி நேரம். தங்கை 1.30 என்று அடித்தாள். எக்செல் 77 என்றது. கையால் போட்டால் 67 தான் வருகிறது! 1.30 என்பதை எக்செல் 1.3 மணி, அதாவது 78 நிமிடம் என்றே எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியதோ 90. நிமிடத்துக்குப் பத்து சொட்டு அதிகம், ஆனால் பார்த்தால் சந்தேகமே வராது. ஷீட்டை வடிவமைத்த நான்தான் அதற்கு இடம் கொடுத்திருந்தேன்.

மணிக்குப் பக்கத்தில் ஒரு காலத்தைச் செருகி, நிமிடம் என்று தலைப்பிடுங்கள். ஃபார்முலாவில் 60க்குப் பின், அடைப்புக்குறிக்குள்ளேயே, கூட்டல் குறி போட்டு அந்த நிமிடச் செல்லைச் சேருங்கள். மணி, நிமிடம் இரண்டு காலங்களுக்கும் டேட்டா டேபில் உள்ள டேட்டா வேலிடேஷனில் முழு எண் மட்டும் என்று வைத்துவிட்டால், 1.30 என்று அடித்தாலும் எக்செல் ஏற்காது.

சரிபார்க்க ஒரு வழி: 30 மி.லி., சொட்டு எண் 60, 1 மணி, 0 நிமிடம் என்று கொடுங்கள். 30 வர வேண்டும். மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

இது பயிற்சி ஷீட் மட்டுமே. வார்டில் என் தங்கை இன்னமும் பேனாவால் கணக்குப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணுகிறாள்.