மடிக்கணினியில் கம்பியில்லா இணைப்பு: கோளாறும் தீர்வும்

முன்னுரை



மொழி காலந்தோறும் மாறும் இயல்புடையது. அம்மாற்றத்தை வழு என்று ஒதுக்காமல் இலக்கணத்துள் இடமளித்து ஏற்றவர் நன்னூலார். இக்காலக் கணினிக்கும் அம்மனப்பாங்கு வேண்டுவதாயிற்று. 2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆதலின் மாணவரும் ஆசிரியரும் தத்தம் மடிக்கணினிகளை, 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11க்கு மாற்றலாயினர். மாற்றிய மறுநாளே, ‘வைஃபை வரவில்லை’ என்னும் முறையீடு பலரிடமிருந்தும் எழக் காண்கிறோம்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சான்றோர் வினவலாம். சுவடியும் அச்சுநூலும் மின்வடிவம் பெற்றுவரும் இந்நாளில், இணைப்பு அறுந்த கணினி பூட்டிய நூலகத்தை ஒக்கும். மேலும், கோளாற்றின் காரணத்தை ஆராயாமல் அவசரத்தில் செய்யும் பரிகாரம், பல்லாண்டு உழைப்பை ஒரு நொடியில் அழித்துவிடவும் கூடும். அவ்வாறு அழிய இருந்த ஒன்றை நம் துறை அண்மையில் கண்டது. அதனை முதற்கண் கூறி, பின் கோளாறுகளை வகைப்படுத்தி, அவற்றின் தீர்வுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையில் நிகழ்ந்தது

நம் முதுகலை மாணவியர் இருவர், பெரியவர் ஒருவர் தம் இல்லத்தில் காத்துவந்த அரபுத்தமிழ்க் கையெழுத்து நூல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் துறையின் மடிக்கணினியில் சேர்த்திருந்தனர். தொட்டால் உதிரும் நிலையிலிருந்த தாள்கள் அவை. மறுமுறை விரித்துப் படமெடுக்க இயலாது. இந்நிலையில் அக்கணினியின் இயங்குதளம் மாற்றப்பெற்றது. மறுநாள் காலையில் வைஃபை குறியீடே திரையில் காணப்படவில்லை.

பழுது பார்க்கும் இடமொன்றிற்குக் கணினி சென்றது. ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும்; அப்படியும் வரவில்லையென்றால் அட்டையை மாற்ற வேண்டும்’ என்று அங்குச் சொன்னார்கள். இசைவு தரும் நிலையில் நாமும் இருந்தோம். “ஐயா, படங்களுக்கு வேறு பிரதி இல்லையே” என்று மாணவியருள் ஒருவர் தயங்கிச் சொன்ன பிறகே நமக்கு உணர்வு வந்தது. கணினியைத் திரும்பப் பெற்று, படங்களை வெளிச்சேமிப்பகம் ஒன்றில் படியெடுத்துவிட்டு, காரணம் தேடலானோம். ஒரு மணி நேரத்திற்குள் இணைப்பு மீண்டது. ஒரு கோப்பும் அழியவில்லை. ஓர் அட்டையும் மாற்றப்படவில்லை. அவ்வொரு மணி நேரத்தில் கற்றதும், பின்னர்ப் பிறர் கணினிகளில் கண்டதும் ஈண்டுத் தொகுத்துரைக்கப்படுகின்றன.

காரணம் யாது?

மடிக்கணினியினுள் கம்பியில்லாத் தொடர்புக்கெனச் சிறு அட்டை ஒன்று உண்டு. அது ரூட்டர் என்னும் கருவியுடன் வானொலி அலைகளால் பேசுகின்றது. இப்பேச்சின் பொதுவிதிகள் 802.11 என்னும் எண்ணால் 1997இல் முதன்முதல் வகுக்கப்பட்டன. அட்டையும் இயங்குதளமும் நேரே பேசிக்கொள்வதில்லை. இரண்டிற்கும் நடுவே ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி என்னும் மென்பொருள் நின்று, ஒன்றன் மொழியை மற்றொன்றிற்கு உணர்த்துகின்றது.

கடற்கரைப் பட்டினங்களில் அயல்நாட்டு வணிகருக்கும் உள்நாட்டாருக்கும் நடுவே நின்ற துபாஷியை இவ்வியக்கிக்கு உவமையாகக் கூறலாம். வணிகரும் அவரே, சரக்கும் அதுவே. ஆயினும் அரசு மாறி அரசவை மொழியும் மாறியபோது, பழைய மொழி மட்டுமே அறிந்த துபாஷி வாய் திறவாது நிற்பார். இயங்குதளம் மாறியதும் இணைப்பு அறுவதற்குப் பெரும்பான்மையான காரணம் இதுவே. வன்பொருள் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், ‘நேற்றுவரை இயங்கிய அட்டை ஓர் இரவில் கெடுமா?’ என்று வினவுதல் அறிவுடைமையாகும்.

முதல் ஆய்வு

மருத்துவர் நோயை மட்டுமன்றி அதன் முதலையும் தேடவேண்டும் என்பது திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தின் கருத்து. அதற்கேற்ப, முதலில் நோய் எவரிடத்து உள்ளது எனத் தெளிய வேண்டும். அதே வைஃபையில் கைப்பேசி இணைகின்றதா என்று பார்க்க. இணையவில்லையேல் குறை ரூட்டரிலோ சேவையிலோ உள்ளது. ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குக. கைப்பேசி இணைந்து மடிக்கணினி மட்டும் இணையவில்லையேல் குறை மடிக்கணினியில் உள்ளது எனக் கொள்ளலாம்.

அடுத்து, கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்க. ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் இயக்குவதும் இதுவும் ஒன்றல்ல. விரைவாகத் தொடங்குதற்பொருட்டு விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டே அணைவது உண்டு. ‘ரீஸ்டார்ட்’ செய்யும்போதுதான் அனைத்தும் புதிதாகத் தொடங்குகின்றன. இவ்வளவிலேயே தீரும் கோளாறுகளும் உள.

ஐவகைக் கோளாறுகள்

நாம் கண்ட கோளாறுகளை ஐந்தாக வகுக்கலாம்.

1. அட்டையே புலப்படாமை

வைஃபை குறியீடு திரையில் இல்லாது போதல் இதன் அடையாளம். ‘ஸ்டார்ட்’ பொத்தானை வலச்சொடுக்கி ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்னும் பகுதியை விரித்து நோக்குக. அட்டையின் பெயர்மேல் மஞ்சள் முக்கோணம் காணப்படின், அட்டை உள்ளது. இயக்கியே பொருந்தவில்லை என்பது பொருள். நம் துறைக் கணினியில் கண்டது இதுவேயாம்.

இதற்குத் தீர்வுகள் மூன்று. அட்டையின் பெயரை இருமுறை சொடுக்கி ‘டிரைவர்’ என்னும் பக்கத்திற்குச் சென்று ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதை அழுத்தினால் முந்தைய இயக்கி மீளும். பழைய இயக்கி சேமிப்பில் இல்லையேல் அப்பொத்தான் மங்கியிருக்கும். அப்போது ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்து, கணினியை மீண்டும் தொடங்குக. விண்டோஸ் அட்டையைப் புதிதாகக் கண்டறிய முயலும். அதுவும் பயன்தராவிடில், மடிக்கணினி உற்பத்தியாளரின் இணையதளத்தில், கணினியின் அடிப்புறம் பொறித்துள்ள மாதிரி எண்ணைக் கொண்டு உரிய இயக்கியைப் பெற்று நிறுவுக.

இணையமே இல்லாத கணினியில் இணையத்திலிருந்து இயக்கியை எவ்வாறு பெறுவது என்னும் ஐயம் எழும். கிணற்றில் வீழ்ந்த கயிற்றை எடுக்க வேறொரு கயிறு வேண்டுமன்றோ? அக்கயிறு கைப்பேசியே. ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கம்பியால் கணினியுடன் இணைத்து, அதன் அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்கினால், கணினி அதனைக் கம்பிவழி இணைப்பாகவே கருதும். வைஃபை அட்டையின் உதவி அதற்கு வேண்டுவதில்லை. வேறொரு கணினியில் இயக்கியைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் கொணர்தலும் ஆகும். முதலிரு வழிகளும் பயன்படாத நிலையில், நம் துறைக் கணினி கைப்பேசி வழியாகப் பெற்ற இயக்கியாலேயே உயிர்பெற்றது.

2. அட்டை இருந்தும் வலையமைப்புகள் தோன்றாமை

இதன் காரணம் பெரும்பாலும் எளியது. ‘ஏர்பிளேன் மோட்’ இயக்கத்தில் இருக்கலாம். சில மடிக்கணினிகளின் பக்கவாட்டிலோ விசைப்பலகையின் மேல்வரிசையிலோ வைஃபைக்கெனத் தனிவிசை உண்டு; கை பட்டு அது அணைந்திருக்கலாம். இவை சரியாக இருப்பின், ‘சர்வீசஸ்’ என்னும் பட்டியலைத் திறந்து, ‘டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்’ என்னும் பணி இயங்குகின்றதா எனப் பார்த்து, இல்லையேல் தொடங்கிவைக்க.

3. வலையமைப்பு தோன்றியும் இணையாமை

பழைய இயங்குதளத்தில் சேமித்த விவரங்கள் புதியதற்குப் பொருந்தாதிருக்கலாம். சேமித்த வலையமைப்புகளின் பட்டியலில் உரிய பெயரைத் தேர்ந்து ‘ஃபர்கெட்’ என அழுத்தி, கடவுச்சொல்லைப் புதிதாக உள்ளிடுக. ரூட்டர் மிகப் பழையதாயின் அதன் பாதுகாப்பு முறையையும் நோக்குதல் வேண்டும். ‘வெப்’ எனப்படும் பழைய முறை பாதுகாப்பற்றது. 2004 முதல் வழங்கிவரும் ‘டபிள்யூபிஏ2’ அல்லது 2018இல் வந்த ‘டபிள்யூபிஏ3’ என்பதற்கு ரூட்டரை மாற்றுதல் நன்று.

கல்லூரி வலையமைப்புகளுக்கு ஒரு தனிக்குறிப்பு உண்டு. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11க்கு வந்த ஒரு புதுப்பிப்பை ஏற்றபின், கல்வி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் வழங்கும் சிலவகை வைஃபை வலையமைப்புகளில் சில கணினிகள் இணைய மறுத்தன. வீட்டு வலையமைப்புகளில் இக்குறை பெரிதும் தோன்றவில்லை. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அம்மாற்றத்தைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. எனவே கல்லூரியில் இணையாத கணினியை வீட்டிலோ கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலோ இணைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. அங்கே இணையுமாயின் அட்டையில் பழுதில்லை என்பது உறுதி.

4. இணைந்தும் இணையம் வாராமை

‘இணைந்துள்ளது, இணையம் இல்லை’ என்னும் செய்தி இதன் அடையாளம். வலையமைப்பின் விவரப் பக்கத்தில் கணினியின் முகவரி எண்ணை நோக்குக. அது 169.254 எனத் தொடங்கினால், ரூட்டர் முகவரி வழங்கவில்லை. கணினி தானே ஒன்றை இட்டுக்கொண்டது என அறிக. முகவரி பெறும் முறை ‘ஆட்டோமேட்டிக்’ என உள்ளதா எனச் சரிபார்த்து, கணினியையும் ரூட்டரையும் மீண்டும் தொடங்குக.

பழைய விபிஎன் அல்லது வைரஸ் தடுப்பு மென்பொருளின் எச்சங்களும் வழிமறிப்பதுண்டு. 2015இல் விண்டோஸ் 8.1இலிருந்து 10க்கு மாறியோர் சிலர், பழைய விபிஎன் மென்பொருளின் எச்சத்தால் இணைப்பை இழந்தனர். அத்தகையவற்றை நீக்கிப் பார்க்க. கணினியின் நாளும் நேரமும் பிழையாயினும் இணையதளங்கள் திறக்க மறுக்கும் என்பது பலர் அறியாதது.

5. இணைந்து இணைந்து அறுதல்

மின்கலத்தைச் சேமிக்கும் நோக்குடன் விண்டோஸ் அட்டையை உறங்க வைப்பதுண்டு. ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் அட்டையின் பண்புகளைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ என்னும் பக்கம் இருப்பின், மின்சேமிப்புக்காக அணைக்க இசைவு தரும் குறியை நீக்குக.

இறுதி முயற்சிகள்

மேற்கூறியவை பயன்தராவிடில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்பதை நாடலாம். கோப்புகளுக்கு அதனால் கேடில்லை. ஆனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் யாவும் நீங்கும். அவற்றை முன்னரே குறித்துக்கொள்க. இயங்குதளம் மாறிப் பத்து நாட்களுக்குள் ‘ரெகவரி’ பகுதியின் ‘கோ பேக்’ வழியே பழைய தளத்திற்கு மீளவும் இயலும். எனினும் ஆதரவு முடிந்த தளத்தில் நெடுநாள் தங்குதல் பாதுகாப்பன்று. ‘எல்லா இயக்கிகளையும் ஒரே சொடுக்கில் சரிசெய்வோம்’ என விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நாடற்க. நோய்க்கு மருந்து தேடி நஞ்சை வாங்கிய கதையாக முடியும். அனைத்தையும் அழித்து நிறுவுதல் கடைசி வழியேயன்றி முதல் வழி அன்று.

முன்காப்பு

இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் செய்யத்தக்கவை மூன்று: கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்தல், வைஃபை அட்டைக்குரிய புதிய இயக்கியைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுதல், கடவுச்சொற்களைத் தாளில் குறித்தல். முதலாவதை நாம் செய்யத் தவறினோம். ஒரு மாணவியின் தயக்கமே அக்கையெழுத்து நூலைக் காத்தது.

முடிவுரை

கோளாற்றை வகைப்படுத்துக, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக, மாற்றியதைக் குறித்து வைக்க. இக்கட்டுரையின் சாரம் இதுவே. இவ்வாறு படிப்படியாகச் செல்லும் நெறியை இன்று ‘அல்காரிதம்’ என்கிறோம். அச்சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் கணிதம் வளர்த்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததாகும். கணினி நமக்கு அயலானது என்று ஒதுங்கும் இளையோர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அப்பெரியவரின் இல்லத்திற்குச் சென்று, படங்களின் பிரதி அடங்கிய பென்டிரைவை அவரிடம் ஒப்படைத்தோம். இப்போது அந்நூல் மூன்று இடங்களில் உள்ளது. நம் முன்னோர் எழுதியதைக் காக்கும் பொறுப்பு ஏட்டறிவோடு கருவியறிவையும் வேண்டி நிற்கின்றது. அவ்விரண்டையும் நம் மாணவர்க்கு இறைவன் அருள்வானாக.