கருத்தும் செயலும்: பௌத்த அளவை நூலார் கண்ட நெறி

காண்டல் வேறு, கருதல் வேறு. கண்ணெதிரே உள்ளதை உணர்வது காண்டல்; ‘இது நீர்; தாகந் தணிக்கும்’ என எண்ணுவது கருதல். நீரைப் பற்றிய எண்ணம் நாவை நனைப்பதன்று. ஆயினும் தாகமுற்றானைக் கிணற்றின்பாற் செலுத்துவது அவ்வெண்ணமே. பொருளல்லாத கருத்துப் பொருளை அடைவிப்பது யாங்ஙனம்?

இவ்வினா தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவணவடிகள் அளவை இரண்டே என உணர்த்துகின்றார். பெயர், சாதி, குணம், தொழில் என்பன கலவாத சுட்டுணர்வே காண்டல். அவை கருத்தளவைக்கு உரியன என்பது அவர் கோட்பாடு. இது திக்நாகர் நெறியை ஒட்டியது. அவர் காஞ்சியை அடுத்த பகுதியிற் பிறந்தவரென்பது திபெத்தியர் மரபு. சொல் பிறவற்றை விலக்கியே பொருளுணர்த்தும் என்பதும் அவர் துணிபு. ‘பசு’ என்புழிப் பசுவல்லாதன யாவும் விலக்கப்படுகின்றன.

ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டினரான தருமகீர்த்தி ஓர் உவமையால் இதனை விளக்கினார். ஒருவன் மணியின் ஒளியைக் கண்டு மணியென விரைகின்றான். மற்றொருவன் விளக்கின் ஒளியைக் கண்டு மணியென விரைகின்றான். ஒளியை மணியெனக் கொண்டமையால் இருவரும் மயங்கியவரே. எனினும் முன்னவன் மணியைப் பெறுகின்றான். பின்னவன் வறிதே மீள்கின்றான். முன்னவன் கண்ட ஒளி மணியினின்றே தோன்றியதாகலின் அவன் எண்ணம் பயன்பட்டது. ஆகவே, கருத்துக்கு உரைகல் பயன் விளைவே என்க.

இவ்வுரைகல்லை நம்மூர்ச் செய்தியொன்றில் வைத்து நோக்குவாம். ‘பௌத்தம் சிங்களவர்க்கே உரியது, தமிழர்க்கு அயலானது’ என்பது இரு சாராரிடத்தும் நிலவும் எண்ணம். திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரையோ சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அதற்குத் தமிழர் அளித்த விளக்குக் கொடை முதலியவற்றை ஆங்குள்ள 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்கள் கூறுகின்றன. அக்கற்களின் முன் மேற்கூறிய எண்ணம் நில்லாது. அது விளக்கொளியை மணியெனக் கொண்ட மயக்கமேயாம். ஆயினும் அத்தகைய எண்ணங்களாற் செலுத்தப்பட்டு மாந்தர் பகைத்தலும் அழித்தலும் செய்தமையை இந்நகர் அறியும்.

பேதைமை சார்வாகச் செய்கை தோன்றுமென்பது மணிமேகலையின் 30ஆம் காதை கூறும் பன்னிரு சார்புகளின் தொடக்கம். ஆதலின், மாணவர்காள், ஒரு பெயரைக் கேட்டவுடன் செயலுக்கு விரையாது, அப்பெயர் எப்பொருளினின்று எழுந்தது, எவற்றை விலக்கி நின்றது என ஆராய்மின். கல்வியின் பயன் அதுவே.