வேடத்துக்கு முன் வேலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கோடையில் தண்டர் பேயின் ஃபோர்ட் வில்லியம் வரலாற்றுப் பூங்காவில் வேடமிட்ட வழிகாட்டியாகச் சேர்கிறாய் என்று எழுதியிருந்தாய். உன்னை மேடையில் பார்த்தவன் சொல்கிறேன்: அங்கே வசனத்தை நம்பாதே.

நான் போயிருந்தபோது, தோணிக்காரர் வேடத்தில் இருந்தவர் அதிகம் பேசவில்லை. தோல் மூட்டை ஒன்றைக் காட்டி, தூக்கிப் பார்க்கச் சொன்னார். 90 இறாத்தல். என்னால் முழங்காலுக்கு மேல் எடுக்க முடியவில்லை. அதுபோல இரண்டை நெற்றிப் பட்டையில் கட்டிக்கொண்டு அந்தக் காலத் தோணிக்காரர்கள் காட்டுவழியில் நடந்தார்களாம். மொன்ட்ரியலில் இருந்து 36 அடித் தோணிகளில் சரக்கு வரும். வடமேற்கில் குளிர்காலம் கழித்தவர்கள் பீவர் தோலோடு வருவார்கள். இரண்டு கூட்டமும் கோடையில் அந்தக் கோட்டையில் சந்திக்கும். ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்காக இத்தனை முதுகுகள் வளைந்தன என்பது, மூட்டையைத் தொட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

தோணியின் அருகே நிற்கும்போது பெண்களைப் பற்றிச் சொல். பேர்ச் மரப்பட்டையை ஸ்புரூஸ் வேரால் தைத்து, தையலில் பிசின் பூசியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே பெண்கள். அந்தக் கைகள் இல்லாமல், கோட்டையை நடத்திய தோல் வணிக நிறுவனமான நார்த் வெஸ்ட் கம்பெனி ஒரு மைல்கூடப் போயிருக்காது. கம்பளியும் செப்புப் பாத்திரமும் வந்த தோணிகளில் ரம்மும் வந்தது. அது அந்த மக்களின் குடும்பங்களைச் சிதைத்தது. பார்க்க வந்தவர்கள் விடுமுறையில் இருக்கிறார்கள் என்று இதை விழுங்கிவிடாதே.

"இதுதான் அசல் கோட்டையா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். உடனே நீ நடிக்கும் 1816ஐ விட்டு வெளியே வா. இல்லை, அசல் கோட்டை இதே ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்தது. ரயில்வே வந்தபின் அந்த இடமே மறைந்துபோனது. இது 1970களில் திரும்பக் கட்டியது என்று சொல். வேடத்தைக் கலைத்துவிட்டோமே என்று வருந்தாதே. வந்தவரிடம் பொய் சொல்லாமல் இருப்பதும் நடிப்புத் தொழிலின் மரியாதைதான்.

முதல் வாரம் தோணிக் கொட்டகையில் போய் உட்கார். வேர் கீறவும் பிசின் காய்ச்சவும் பழகு. உடுப்பை அதற்குப் பிறகு போட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்