சண்டை விளையாட்டில் தோல்வியைப் படித்தல்

கல்லூரி ஆண்டு மலரில் வீடியோ விளையாட்டைக் குறித்து ஒரு வியாசம் வரைதல் தகுமோ என்று அன்பர் சிலர் ஐயுறலாம். ஏட்டுக் கல்விக்குரிய பொழுதைக் கவர்ந்துகொள்ளும் பகையென்றே பெற்றோர் பலர் இவ்விளையாட்டுக்களைக் கருதுகின்றனர். அக்கருத்து முழுதும் பிழையென்று யாம் வாதிக்க வரவில்லை. ஆயினும், கடினமானதொரு சண்டை விளையாட்டைப் புதிதாகக் கற்கப் புகுந்து, பலநாள் தோற்று, அத்தோல்விகளின் வாயிலாக யாம் அறிந்துகொண்ட ஓர் உண்மை, தேர்வு மண்டபத்துக்கும் பொருந்துவதாயிருத்தலின், அதனை உடன் பயிலும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் எம் கடனென்று துணிந்தோம்.

விளையாட்டின் இயல்பு

சண்டை விளையாட்டு என்பது யாது? திரையில் இரு வீரர் எதிரெதிரே நிற்பர். விளையாடுவோர் இருவரும் பொத்தான்களாலும் திசைக்கோலாலும் ஆளுக்கு ஒரு வீரரை இயக்குவர். ஒவ்வொரு வீரர்க்கும் உயிரளவைக் காட்டும் பட்டை ஒன்று திரையின் மேற்புறத்தே உண்டு. அடிபடுந்தோறும் அப்பட்டை குறையும். எவருடைய பட்டை முதலில் ஒழிகின்றதோ அவர் தோற்றவராவர். ஜப்பான் தேசத்துக் காப்காம் நிறுவனத்தார் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இவ்வகை விளையாட்டுக்களுக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். 1994-இல் நாம்கோ நிறுவனத்தாரின் ‘டெக்கென்’ தோன்றிற்று. 2023 ஜூன் மாதத்தில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ வெளிவந்தது. யாம் பயின்றது இதனையே.

இதனைச் சிறுவர் பொழுதுபோக்கென்று இகழ்வாரும் உளர். சீன தேசத்து ஹாங்சோ நகரில் 2023-ஆம் ஆண்டு நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ பதக்கத்துக்குரிய போட்டிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. நம் நாட்டின் சார்பில் மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் என்னும் இருவர் அதிற் கலந்துகொண்டனர். பொற்பதக்கம் பெற்றவர் தென்கொரியாவைச் சேர்ந்த கிம் குவான்-வூ என்பவர். அப்பொழுது அவருக்கு வயது 44. கைவிரைவே வெற்றிக்கு மூலமாயின், அவ்வயதினர் தம்மினும் இளையோரை வென்றது எங்ஙனம்? புதிதாகப் பயில்வோன் முதற்கண் சிந்திக்க வேண்டிய வினா இதுவே.

யாம் தோற்ற வரலாறு

சென்ற கோடை விடுமுறையில் யாம் நெய்வேலி நகரியத்திலுள்ள எம் இல்லத்தில் இருந்தோம். எம் தந்தையார் சுரங்கத்திற் பணிபுரிபவர். பருவத் தேர்வில் கணிதத் தாள் ஒன்றில் தேறாது ஊர் திரும்பியிருந்தமையின், எமக்கு யாரோடும் பேச மனமில்லை. வீட்டினரும் அதுபற்றி ஒன்றும் கேட்டிலர். கேளாமையே எமக்குப் பெருஞ்சுமையாயிற்று. அந்நாளில் எம் வட்டத்தைச் சேர்ந்த, ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் அயல்வீட்டுத் தம்பி ஒருவன், “அண்ணா, ஓர் ஆட்டம் ஆடலாம், வாருங்கள்” என்று அழைத்தான். சிறுவன்தானே என்று எண்ணி அமர்ந்தோம். அன்று மாலை ஆடிய 23 ஆட்டங்களிலும் தோற்றோம்.

யாம் செய்தது யாதெனின், கையிலகப்பட்ட பொத்தான்களையெல்லாம் ஒருங்கே அழுத்தியதும், ஓயாது குதித்ததுமேயாம். ஆட்டம் முடியுந்தோறும், “எமக்கு இது வாராது” என்று கூறினோம். இருபத்து மூன்றாம் முறை அவ்வாறு கூறியபொழுது அத்தம்பி, “எது வரவில்லை, அண்ணா?” என்று வினவினான். அதற்கு எம்மால் விடை கூற இயலவில்லை. இவ்வியாசம் முழுதும் அவ்வினாவுக்கு யாம் தேடிய விடையேயாகும்.

முதற் பாடம்: காண்பதும் கருதுவதும்

இவ்விளையாட்டில் ஒரு விநாடியில் 60 படங்கள் திரையில் மாறுகின்றன. ஆகவே பயில்வோர் காலத்தைப் படக்கணக்கால் அளப்பர். மிக விரைந்த சிறுகுத்து நான்காம் படத்திலேயே எதிரியைத் தாக்கும். அஃதாவது, விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. மனிதன் ஒன்றைக் கண்ணாற்கண்டு கையை அசைப்பதற்கோ ஏறக்குறைய விநாடியில் ஐந்தில் ஒரு பங்கேனும், அதாவது 12 படங்களேனும் செல்லும். எனவே, சிறுகுத்தைக் கண்டபின் தடுத்தல் எவர்க்கும் இயலாது. அது வருமென்று கருதி முன்னரே தடுத்து நிற்றல் வேண்டும்.

குதித்து வரும் எதிரியின் நிலை வேறு. அவன் எழுந்து இறங்குதற்கு விநாடியில் பாதிக்கு மேல் ஆகின்றது. ‘டிரைவ் இம்பாக்ட்’ எனப்படும் பேரடி தாக்குவதற்கு 26 படங்கள் செல்லும். இவை இரண்டும் கண்டபின் விடையிறுக்கத் தக்கன. கண்டு தடுக்கத்தக்கது எது, கருதித் தடுக்கத்தக்கது எது என்னும் பாகுபாட்டை அறிந்தவன், காணவியலாததைக் காணவில்லையே என்று தன்னை நொந்துகொள்ளான். கண்ணைச் செலுத்த வேண்டிய இடத்திற் செலுத்துவான். நாற்பத்து நான்கு வயதினர் வெல்லுதல் வியப்பன்று என்பது இப்பொழுது விளங்கும்.

இதற்குப் புகழ்பெற்ற சான்றொன்றுண்டு. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியில், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்ட் ஸ்டிரைக்’ ஆட்டத்தில், ஜப்பானியராகிய டைகோ உமெஹாராவும் அமெரிக்கராகிய ஜஸ்டின் வாங்கும் எதிர்த்து ஆடினர். உமெஹாராவின் உயிர்ப்பட்டை இழையளவே எஞ்சியிருந்தது. வாங் தொடர் உதைகளை ஏவினார். பதினைந்து அடிகள் கொண்ட அத்தொடரில் ஒவ்வோர் அடியும் வந்து படும் கணத்திலேயே திசைக்கோலை முன்னே தட்டி, ஒன்றும் தவறாது விலக்கி, உமெஹாரா வென்றார். அத்தொடர் வருமென்று முன்னறிந்திருந்தாலன்றி அவர் முதலடியை விலக்கியிருத்தல் அரிது. இன்னுமொன்று: அவ்வாண்டின் இறுதியாட்டத்தில் அவர் தோற்றார். உலகம் வியந்த அவ்வருஞ்செயலைப் புரிந்தவர்க்கும் அன்று முடிவில் கிட்டியது தோல்வியே.

இரண்டாம் பாடம்: மும்முனை நியாயம்

அடித்தல், தடுத்தல், பற்றி எறிதல் என்னும் மூன்றே இவ்விளையாட்டின் அடிப்படை. திசைக்கோலைப் பின்னே சாய்த்துத் தடுத்து நிற்பவனை அடி ஒன்றும் செய்யாது. ஆனால் தடுத்தே நிற்பவனைப் பற்றி எறிந்துவிடலாம். பற்ற வருபவனை விரைந்த அடி வீழ்த்தும். ஆகவே எந்நாளும் வெல்லும் செயல் என ஒன்றில்லை. எதிரி யாது செய்வான் என்பதை நோக்கியே நம் செயல் அமைதல் வேண்டும். யாமோ எதிரியின் வீரனை ஒருகாலும் நோக்கினோமல்லோம். எம் வீரனையே நோக்கிக்கொண்டிருந்தோம். இப்பிழையை அத்தம்பியே எமக்குச் சுட்டிக்காட்டினான்.

மூன்றாம் பாடம்: நாளொன்றுக்கு ஒன்று

தொடக்கத்தில் யாம் ரியூ என்னும் வீரனைத் தேர்ந்துகொண்டோம். அவனுக்குரிய ‘ஹடோகென்’ என்னும் ஒளியுருண்டையை எறிய, திசைக்கோலைக் கீழ், கீழ்முன், முன் என்று உருட்டிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். எழுந்து குத்தும் ‘ஷோரியுகென்’னுக்கு முன், கீழ், கீழ்முன் என்பது முறை. இவற்றோடு தொடரடிகள் பலவற்றையும் ஒரே நாளிற் கற்க முயன்று, ஒன்றும் கைவராது சோர்ந்தோம்.

தம்பி கூறிய வழி எளிது. “நாளை முழுதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள், அண்ணா. நான் குதித்தால், குனிந்து வலுக்குத்து விடுங்கள். வெற்றி தோல்வியை எண்ண வேண்டா” என்றான். அவ்வாறே செய்தோம். மறுநாள் பத்து ஆட்டங்களிலும் தோற்றோம். ஆனால் அவன் குதித்த குதிப்புக்களிற் பாதியை வீழ்த்தியிருந்தோம். தோல்வியினுள்ளும் முன்னேற்றம் உண்டு என்பதையும், அதனைக் காண வேறோர் அளவுகோல் வேண்டுமென்பதையும் அன்றே உணர்ந்தோம். மூன்றாம் நாள் அவன் குதிப்பதைக் குறைத்துக்கொண்டான். எதிரி தன் வழியை மாற்றிக்கொள்ளச் செய்ததே யாம் பெற்ற முதல் வெற்றி.

நான்காம் பாடம்: தோல்வியை வகுத்தல்

இவ்விளையாட்டில், ஆடிமுடித்த ஆட்டத்தை மீண்டும் திரையில் ஓட்டிப் பார்க்கும் வசதியுண்டு. யாம் ஓர் ஏடு வைத்து, அடிபட்ட இடந்தோறும் நிறுத்தி, காரணத்தை எழுதலானோம். எழுத எழுத, எல்லாப் பிழைகளும் மூன்றே இனத்துள் அடங்குதல் கண்டோம். முதலாவது அறியாமை: அந்த அடிக்கு மறுப்பு இன்னதென்றே தெரியாதிருத்தல். இரண்டாவது காணாமை: மறுப்புத் தெரிந்திருந்தும், அடி வருவதை நோக்காதிருத்தல். மூன்றாவது கைப்பிழை: தெரிந்தும் கண்டும், கை தவறுதல்.

இம்மூன்றுக்கும் மருந்து வெவ்வேறாம். அறியாமைக்கு மருந்து கேட்டலும் படித்தலும். காணாமைக்கு மருந்து, ஒன்றையே நோக்கி ஆடும் பழக்கம். கைப்பிழைக்கு மருந்து, எதிரியின்றித் தனியே நூறுமுறை செய்து பார்த்தல். கை தவறுகின்றவன் மேலும் மேலும் நூல்களைப் படிப்பதாலும், மறுப்பறியாதவன் மேலும் மேலும் பொத்தானை அழுத்துவதாலும் பயனில்லை. “எமக்கு வாராது” என்னும் சொல் இம்மூன்றனையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றது. அதனாலேயே அச்சொல்லுக்கு மருந்தில்லாது போகின்றது.

இவ்வாறு பத்து நாள் எழுதியபின், ஓரிரவு எமக்கு எம் கணிதத் தாள் நினைவுக்கு வந்தது. “எமக்குக் கணிதம் வாராது” என்றே அதுகாறும் சொல்லியிருந்தோம். கட்டணம் செலுத்தி விடைத்தாளின் நகலைப் பெற்றோம். அதனைத் திறக்க இரண்டு நாள் அஞ்சினோம். பின்னர் அதே ஏட்டில் மூன்று பத்திகள் வரைந்து, மதிப்பெண் இழந்த இடங்களை ஒவ்வொன்றாக எழுதினோம். உண்மையில் அறியாது விட்ட கணக்குகள் இரண்டே. வினாவை இறுதிவரை வாசியாது விடையெழுதியவை மூன்று. குறி மாறியும் எண் மாறியும் கெட்டவை நான்கு. யாம் அறியாதவரல்லேம், நோக்காதவரே என்பதை அத்தாள் எமக்குக் காட்டியது. நாணமும் ஆறுதலும் ஒருங்கே உண்டாயின.

மேல்மண்ணும் நிலக்கரியும்

இதனை எம் தந்தையாரிடம் கூறியபொழுது அவர் தம் சுரங்கத்தையே உவமையாக்கினார். நெய்வேலியில் முதற் சுரங்கவேலை 1957 மே மாதத்தில் பிரதமர் நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது 1961 ஆகஸ்டு மாதத்திலேயாம். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் எடுத்தது மேல்மண்ணே. கடினமான மணற்பாறையை வெடிவைத்துத் தளர்த்தி, வாளிச்சக்கர எந்திரங்களால் வாரியெடுத்தல் வேண்டும். நிலக்கரிக்கு அடியில் மிக்க அழுத்தத்தோடு நிற்கும் நீரையும் இரவுபகலாக இறைத்தல் வேண்டும். இறைப்பது நின்றால் நீர் அடித்தளத்தைப் பிளந்து மேலெழும். “மண்ணெடுத்த நாட்களை வீண் நாட்களென்று எங்களில் ஒருவரும் சொன்னதில்லை. எவ்வளவு எடுத்தோம் என்று நாள்தோறும் அளந்தோம், அவ்வளவே” என்றார் அவர். பயில்வோன் தோற்கும் நாட்களும் மண்ணெடுக்கும் நாட்களே. ஆனால் எடுத்ததை அளவாதவனுக்கு அவை வெறும் புழுதியாய் முடியும்.

எச்சரிக்கை சில

இவ்விளையாட்டில் எல்லை வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடுவதில்லை என்று யாம் விதித்துக்கொண்டோம். சினம் எழுந்தபின் ஆடும் ஆட்டத்தில் கற்பது ஒன்றுமில்லை. அப்பொழுது எழுந்து நடப்பதே நன்று. பணம் வைத்தாடும் ஆட்டங்களோ இதனின் முற்றும் வேறானவை. அவற்றைத் தீண்டலாகாது.

எதிரியை மதித்தலும் இக்கலையின் ஓர் அங்கம். 2019-ஆம் ஆண்டில் பாகிஸ்தானத்து லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ் என்பவர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த ஈவோ டெக்கென் போட்டிகள் இரண்டிலும் வென்றார். அதற்குமுன் உலகம் அவர் பெயரைப் பெரிதும் அறியாது. அவரோ, தமக்கு நிகரான வீரர் தம் ஊரிற் பலர் உளரென்று கூறினார். வல்லாரோடு நாள்தோறும் தோற்றுப் பழகினவரே பின்னர் வல்லாராகின்றனர். ஆதலின் நம்மைத் தோற்கடிப்பவனை நமக்கு வாய்த்த ஆசிரியனாகக் கருதுதல் வேண்டும், அவன் வயதில் இளையனாயினும்.

முடிவுரை

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பியபின் அக்கணிதத் தாளை மீண்டும் எழுதித் தேறினோம். மதிப்பெண் பெருமைப்படத் தக்கதன்று. ஆயினும் எவ்விடத்தில் இழந்தோம் என்பது தேர்வு மண்டபத்தைவிட்டு வெளிவரும்பொழுதே எமக்குத் தெரிந்திருந்தது. அயல்வீட்டுத் தம்பியை இதுகாறும் ஐந்து ஆட்டங்களில் வென்றுள்ளோம். அவன் எம்மை வென்ற கணக்கை எழுத அவ்வேட்டில் இடம் போதாது.

தேறாத தாளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் மாணவ நண்பர் எவரேனும் இதனை வாசிப்பராயின், அவரிடம் யாம் வேண்டுவது ஒன்றே. அத்தாளை எடுத்து விரியுங்கள். பக்கத்தில் மூன்று பத்திகள் வரையுங்கள். பின்னர், அத்தம்பி எம்மை வினவியவாறே உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள்: எது வரவில்லை?