கடற்சேறு கூறும் பருவமழை வரலாறு

கொச்சியின் தேவராவில் காயலோர மக்கள் ஆண்டுதோறும் ஜூன் முதல் நாளையொட்டி எதிர்நோக்கும் தென்மேற்குப் பருவமழை, நாட்டின் வேளாண்மைக்கே ஆதாரமாகும். அணைகளும் பயிர்த் திட்டங்களும் அதனை நம்பியே வகுக்கப்படுகின்றன. எனினும் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது 1875-இல்தான். ஏறத்தாழ 150 ஆண்டுக் கணக்கைக் கொண்டு, பருவமழை எந்த அளவுக்கு மாறக்கூடும் என்று முடிவுகட்ட இயலாது. அதற்கு முந்தைய வரலாற்றை அரபிக்கடலின் அடிச்சேற்றில் தேட வேண்டியுள்ளது.

ஓடுகளே ஆவணம்

ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிரிகளில் பல, சுண்ணாம்பு ஓடுடையவை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. அவை மடிந்தபின் ஓடுகள் கடலடியில் அடுக்கடுக்காகப் படிகின்றன. தென்மேற்குக் காற்று வலுக்கும்போது ஓமன் கரையோரம் குளிர்ந்த, சத்து மிகுந்த ஆழ்நீர் மேலெழுகிறது. அப்போது ‘குளோபிஜெரினா புல்லாய்டஸ்’ என்ற இனம் பெருகுகிறது. ஆகவே, ஓர் அடுக்கில் இவ்வினத்தின் விகிதம் கூடியிருப்பின் அக்காலத்தில் காற்று வலுத்திருந்தது என்றும், குறைந்திருப்பின் தளர்ந்திருந்தது என்றும் கொள்ளலாம்.

இந்தியரின் பங்கு

இனங்களைப் பிழையின்றி அடையாளங் காண்பதே இவ்வாய்வின் அடிப்படை. இதற்குத் துணைபுரியும் நூலொன்றைப் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஸ்ரீநிவாசனும் ஜேம்ஸ் கென்னட்டும் 1983-இல் வெளியிட்டனர். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அனில் குமார் குப்தா இத்துறைக்கே தம் பணிக்காலத்தைச் செலவிட்டவர். பின்னர் டேராடூன் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார். ஓமன் கரையருகே 1987-இல் துளையிட்டெடுத்த சேற்றை அவர் டேவிட் ஆண்டர்சன், ஜோனதன் ஓவர்பெக் ஆகியோருடன் ஆராய்ந்தார். கடந்த சுமார் 10,000 ஆண்டுகளில் பருவக்காற்று பலமுறை தளர்ந்ததையும், அத்தளர்ச்சிகள் வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களோடு ஒத்திருந்ததையும் 2003-இல் இவர்கள் வெளியிட்டனர். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் நிகழும் மாறுதலும் நம் மழையைப் பாதிக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

திட்டமிடுவோர் கருதவேண்டியது

இவ்வோடுகள் காற்றின் வலிமையைக் காட்டுகின்றனவேயன்றி, எந்த மாவட்டத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதைக் காட்டுவதில்லை. எனவே குகைப் படிவுகள், ஏரிச் சேறு ஆகியவற்றோடும் ஒப்பிட்டே முடிவு காண வேண்டும். ஆயினும், நீண்ட தளர்ச்சி இயற்கையில் நிகழ்ந்துள்ளது என்ற உண்மையை நீர்த்தேக்கங்களை வடிவமைப்போர் புறக்கணிக்கலாகாது.

நுண்ணோக்கியின்கீழ் உயிரிகளை இனம்பிரிக்கும் பொறுமையான பணி கொச்சிக்குப் புதிதன்று. 1960 முதல் 1965 வரை நடைபெற்ற சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வின்போது, பல நாட்டுக் கப்பல்கள் திரட்டிய மிதவை உயிரிகளைத் தரம்பிரிக்கும் மையம் இங்கு அமைந்தது. இத்தகைய பயிற்சி பெற்றோரைத் தொடர்ந்து உருவாக்குவதும் பாசன வளர்ச்சிக்கான முதலீடே ஆகும்.