பூனையைக் கண்டால் காது கேட்காத சிப்பிப்பாறை

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் பத்து மாதச் சிப்பிப்பாறை ஆண் நாய் இருக்கிறது. வீட்டுக்குள் பரம சாது. சங்கிலியை அவிழ்த்தால் போதும், பூனை, கோழி எதைக் கண்டாலும் பாய்கிறது. தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்புவதில்லை. பக்கத்து வீட்டுக் கோழி இரண்டு போய்விட்டது. என் கணவரைத் தவிர யாரிடமும் ஒட்டுவதுமில்லை. விலா எலும்பு தெரிகிறதே, சோறு போடுவதில்லையா என்று வேறு கேட்கிறார்கள். பழக்கினால் சரியாகுமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: கோழிக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடுங்கள் அம்மா. நாயின் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை.

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரின் பெயரைத் தாங்கிய இந்த இனத்தை முயல் வேட்டைக்கென்றே பொறுக்கி எடுத்து வளர்த்தார்கள். மோப்பம் பிடித்துப் போகிற நாயல்ல. கண்ணால் பார்த்துத் துரத்துவது. முயல் சட்டென்று வளைந்து ஓடும்போது எந்தப் பக்கம் மறிப்பது என்று நாயேதான் முடிவெடுக்க வேண்டும். எசமான் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற நாய்க்கு முயல் கிடைக்காது. நீங்கள் கீழ்ப்படியாமை என்று நினைப்பது, இதன் முன்னோர்கள் சோறு சம்பாதித்த திறமை.

கூப்பிட்டால் வர வீட்டுக்குள்ளும் மதில் சூழ்ந்த இடத்திலும் பழக்கலாம், பழக்கத்தான் வேண்டும். ஆனால் பூனை ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பழக்கம் நிற்காது. திறந்த வெளியில் கயிறில்லாமல் விடவே விடாதீர்கள். தலை குறுகலானதால் சாதாரண கழுத்துப்பட்டியை உருவிக்கொண்டு போய்விடும். அகலமான, இழுத்தால் இறுகுகிற பட்டி வாங்குங்கள். விடியற்காலையில் அடைப்புள்ள மைதானத்தில் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓட விட்டால், பகலெல்லாம் தூங்கும். தின்ற கையோடு மட்டும் ஓட விடாதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ‘ஒரு தடவை காட்டில் முயலுக்கு விட்டுப் பாருங்கள்’ என்று சொல்ல ஒரு மாமா எந்தக் குடும்பத்திலும் இருப்பார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதுதான் இந்த இனத்துக்கு அழகு. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி, முடியும் மங்கினால் குடற்புழுவைப் பாருங்கள். சோற்றை அள்ளிக் கொட்டி லாப்ரடார் ஆக்க வேண்டாம்.

ஒருவரோடு ஒட்டுவது இதன் சுபாவம். ஒரு வேளைச் சோறும் ஒரு வேளை நடையும் உங்கள் பொறுப்பாகட்டும், மெல்ல நெருங்கும். விருந்தாளிகளைத் தொட விடாதீர்கள், விலகிப்போக அதற்கு ஒரு மூலை வேண்டும். அடித்தால் கோபப்படாது, ஒடுங்கிப்போகும். அதைத் திருப்புவது பெரும்பாடு.

கருத்தடை செய்தால் அடங்கிவிடும் என்றும் சொல்லியிருப்பார்கள். பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவது குறையலாம், துரத்துவது குறையாது. செய்வதாக இருந்தால், சிப்பிப்பாறை என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உடலில் கொழுப்பு குறைந்த இவ்வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நெடுநேரமாகும். அவர் வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்.